ட்விட்டரை விட்டால் வேறெங்கே? பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

2019 நவம்பரில் இந்திய ட்விட்டரில் சில நாட்கள் ஒரே பேச்சாக இருந்தது: "நான் மாஸ்டடானுக்குப் போகிறேன், நீங்களும் வந்துவிடுங்கள்." மாஸ்டடான், ட்விட்டருக்கு மாற்றாகச் சொல்லப்பட்ட, எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லாத சமூக வலைப்பின்னல். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதில் தொடங்கிய பேச்சு அது. தன் பக்கத்தின் முகப்பில் அவர் வைத்திருந்தது, 1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுத்த புகழ்பெற்ற படம். கூட்டம் மொத்தமும் நாஜி வணக்கம் வைக்க, ஒரே ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜிகளுக்கு அடிபணியாத மனிதரின் படத்தை, வெறுப்பைப் பரப்பும் படம் என்று ட்விட்டர் வகைப்படுத்திவிட்டது. கணக்கு திரும்பக் கிடைத்த சூட்டோடு, அவர் எப்போதோ பகிர்ந்திருந்த ஓர் இந்திக் கவிதைக்காக மறுபடியும் முடங்கியது. தலித், சிறுபான்மைப் பயனர்களின் கணக்குகளில் ட்விட்டர் பாரபட்சம் காட்டுகிறது என்ற கோபமும் அதே நாட்களில் எழ, ஆயிரக்கணக்கானவர்கள் மாஸ்டடானில் கணக்கு தொடங்கினார்கள்.

வந்த வேகத்திலேயே பலர் ட்விட்டருக்குத் திரும்பியும் விட்டார்கள்.

ஏன் போனார்கள், ஏன் திரும்பினார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி கொஞ்சம் தொழில்நுட்பம். பயப்பட வேண்டாம், மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்தவருக்குப் புரியாத எதுவும் அதில் இல்லை.

ஒரே நிறுவனத்தின் கையில் என்னென்ன?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் (பழைய ட்விட்டர்) ஆகிய தளங்களை மையப்படுத்தப்பட்டவை என்கிறோம். கணினிகள் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன என்று இதற்குப் பொருள் கிடையாது. அவர்களுக்கு உலகம் முழுக்கத் தரவு மையங்கள் உண்டு. மையப்பட்டிருப்பது அதிகாரம். உங்கள் கணக்கு, நீங்கள் எழுதியவை, யாரை நீங்கள் பின்தொடர்கிறீர்கள், உங்களை யார் பின்தொடர்கிறார்கள், எந்தப் பதிவு யார் கண்ணில் முதலில் படும், எதை எழுதினால் தடை என எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் தீர்மானிக்கிறது. அந்த முடிவுகளில் ஒன்று பிடிக்கவில்லை என்றாலும் நீங்கள் விட்டுவிட்டு வர வேண்டியது மொத்தத்தையும்.

பதிவுகளை விடுவதுகூடப் பெரிய வலி இல்லை. ஃபேஸ்புக்கில் உங்கள் தரவுகளைத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஒரு ஜிப் (zip) கோப்பாகக் கையில் வந்துவிடும். ஆனால் அந்தக் கோப்புக்குள் உங்கள் நண்பர்கள் இருக்க மாட்டார்கள், அவர்களுடைய பெயர்ப் பட்டியல்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு தளத்தில் கொடுத்து "இவர்களோடு என்னை மறுபடி இணைத்துவிடு" என்று சொல்ல வழியில்லை.

நிறுவனம் கதவைச் சாத்திவிட்டால் அந்தப் பட்டியலுக்கும் மதிப்பில்லை. ஆர்குட்டை கூகுள் 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. தமிழ்ச் சினிமா, இலக்கியம், சொந்த ஊர், படித்த கல்லூரி என்று ஆர்குட்டில் குழுமம் குழுமமாக அரட்டையடித்த தலைமுறைக்கு அந்த நாள் நினைவிருக்கும். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. ட்விட்டருக்கு இந்திய மாற்று என்று வந்த கூ, தமிழ் உட்படப் பல மொழிகளில் இயங்கி, 2024 ஜூலையில் கடையைக் கட்டியது. கூ பரவலாக்கப்பட்ட தளம் கிடையாது. அதுவும் ஒரே நிறுவனத்தின் தளம்தான். உரிமையாளர் உள்நாட்டுக்காரராக இருந்தாலும் பூட்டும்போது பயனருக்கு நடப்பது ஒன்றுதான்.

தமிழில் ஏற்கெனவே நடந்தது

ஃபேஸ்புக் வருவதற்கு முன்பு இணையத்தில் தமிழ் உரையாடல் எங்கே நடந்தது? வலைப்பதிவுகளில். 2004இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் காட்டியது. ஒருவர் பிளாக்கரில் எழுதுவார், இன்னொருவர் வேர்ட்பிரஸில் எழுதுவார், மூன்றாமவர் சொந்தத் தளமே வைத்திருப்பார். புதிய இடுகைகளைப் பிற தளங்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் என்ற பொதுவான ஓடைமுறை எல்லாவற்றையும் சேர்த்துத் தந்தது. திரட்டியோடு சண்டை வந்தால் (வராமல் இருக்குமா?) கோபித்துக்கொண்டு போனவரின் பதிவு அழிந்துவிடவில்லை, அவர் வீட்டிலேயே இருந்தது. வாசகர்கள் நேரே போய்ப் படித்தார்கள்.

பெரும்பாலான பதிவுகள் கூகுளின் பிளாக்கரில்தான் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் யார் யாரைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்பது கூகுளின் கையில் இல்லை. பரவலாக்கம் என்பதன் சாரம் அதுதான். பிறகு ஏன் அந்த உலகம் ஃபேஸ்புக்கிடம் தோற்றது? ஃபேஸ்புக்கில் எழுதுவது எளிது, பின்னூட்டம் உடனே வரும், கைப்பேசியிலேயே எல்லாம் முடிந்துவிடும், சித்தப்பாவும் பள்ளித் தோழியும் அங்கேயே இருக்கிறார்கள். வசதிதான் அவர்களை இழுத்தது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இன்றைய பரவலாக்கப்பட்ட தளங்களுக்கு முன்னால் நிற்கும் மலையும் அதேதான்.

மாஸ்டடான் எப்படி இயங்குகிறது

ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மென்பொருள் மாஸ்டடான். பார்ப்பதற்குப் பழைய ட்விட்டர் போலவே இருக்கும். ஒரு பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்துகள், மறுபகிர்வு, விருப்பக்குறி எல்லாம் உண்டு. விளம்பரம் கிடையாது. பதிவுகள் நேர வரிசையில் வரும்.

வித்தியாசம் அடியில் இருக்கிறது. மாஸ்டடான் என்பது ஒரு தளம் அல்ல, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சர்வரில் (எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினியில்) நிறுவிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள். ஒரு பல்கலைக்கழகம் ஒன்றை நடத்தலாம், நூறு நண்பர்கள் சேர்ந்து ஒன்றை நடத்தலாம், நீங்கள் ஒருவரே உங்களுக்காக மட்டும் ஒன்றை நடத்தலாம். இப்படி ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகி, தனி விதிகள், தனிச் செலவு.

சரி, ஆளுக்கொரு சர்வர் என்றால் ஒருவரோடு ஒருவர் பேசுவது எப்படி? ஏர்டெல் எண் வைத்திருப்பவர் பிஎஸ்என்எல் எண்ணுக்கு அழைப்பது போலத்தான். இரண்டும் வேறு நிறுவனங்கள், ஆனால் அழைப்பைப் பரிமாறிக்கொள்ளும் முறையில் இருவரும் உடன்பட்டிருக்கிறார்கள். சமூக வலைத்தளங்களுக்கு அப்படியோர் உடன்பாடு ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை. இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் இதை அதிகாரபூர்வப் பரிந்துரையாக வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஈவன் புரோட்ரோமூ, 2008லேயே ஐடென்டிகா என்ற பரவலாக்கப்பட்ட குறும்பதிவுத் தளத்தைத் தொடங்கியவர். ட்விட்டருக்கு அப்போது இரண்டே வயது. ஆக, இது நேற்று முளைத்த யோசனை கிடையாது.

நடைமுறையில் பார்ப்போம். கயல்விழி என்பவர் ஒரு நூலகர்கள் சர்வரில் கணக்கு வைத்திருக்கிறார். இம்ரான் என்பவர் புகைப்படக்காரர்களின் சர்வரில் இருக்கிறார். மின்னஞ்சல் முகவரியில் பெயருக்குப் பின்னால் நிறுவனத்தின் பெயர் வருவதுபோல, இவர்களுடைய முகவரிகளிலும் பெயரும் சர்வரும் சேர்ந்தே வரும். கயல்விழி இம்ரானைப் பின்தொடரும் பொத்தானை அழுத்தியதும், நூலகர் சர்வர் புகைப்பட சர்வருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது: "எங்கள் ஆள் உங்கள் ஆளைப் பின்தொடர விரும்புகிறார்." அது ஒப்புக்கொண்ட பிறகு, இம்ரான் ஒரு படம் போட்டால் அதன் பிரதி நூலகர் சர்வருக்குத் தானாக வந்து சேரும். கயல்விழி தன் சர்வரை விட்டு எங்கேயும் போகாமலே அதைப் பார்ப்பார், பதில் எழுதுவார். பதிலும் அதே வழியில் திரும்பிப் போகும்.

ஆக்டிவிட்டிபப் பேசத் தெரிந்த எல்லா மென்பொருளும் இந்த வட்டத்துக்குள் வரலாம். படங்களுக்குப் பிக்செல்ஃபெட், காணொளிக்குப் பியர்டியூப், ரெடிட் பாணி விவாதங்களுக்கு லெம்மி. மாஸ்டடானில் இருந்துகொண்டே ஒரு பியர்டியூப் சேனலைப் பின்தொடரலாம். இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்து யூடியூபில் கருத்துப் போடுவதைக் கற்பனை செய்து பாருங்கள், அதுதான் இங்கே நடப்பது. இந்த மொத்தக் கூட்டத்துக்கும் ஃபெடிவர்ஸ் என்று பெயர்.

தொடக்கநிலையில் பலர் தவறவிடும் இரண்டு விஷயங்கள். மாஸ்டடானில் தனிச்செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல. சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும். ரகசியம் பேச அது இடமில்லை. அடுத்து, நீங்கள் ஒரு பதிவை அழித்தால், அதன் பிரதி போன சர்வர்களுக்கெல்லாம் "அழித்துவிடு" என்ற கோரிக்கை போகும். அவை அழிக்குமா என்பது அவற்றின் ஒழுக்கத்தைப் பொறுத்தது.

ப்ளூஸ்கை எடுத்த வேறு பாதை

ட்விட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சி 2019 டிசம்பரில், சமூக வலைத்தளங்களுக்கான திறந்த நெறிமுறையை உருவாக்க ஒரு சிறு குழுவுக்கு ட்விட்டர் நிதி தரும் என்று அறிவித்தார். அந்தத் திட்டம்தான் ப்ளூஸ்கை. 2021இல் ஜே கிரேபர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார், பிறகு அது தனி நிறுவனமானது. 2023இல் அழைப்பு இருந்தால்தான் சேரலாம் என்றிருந்து, 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தது. டோர்சியே 2024இல் அதன் இயக்குநர் குழுவிலிருந்து விலகிவிட்டார் என்பது தனிக்கதை.

மாஸ்டடானில் ஒரு சர்வரே எல்லா வேலைகளையும் செய்யும். ப்ளூஸ்கையின் நெறிமுறையான ஏடி புரோட்டோகால் வேலைகளைப் பிரித்துவிடுகிறது. உங்கள் பதிவுகளை வைத்திருப்பது ஒரு சேமிப்பகம். எல்லாச் சேமிப்பகங்களிலிருந்தும் புதிய பதிவுகளைத் திரட்டி ஓடையாக அனுப்புவது இன்னொரு பகுதி, அதற்கு ரிலே என்று பெயர். அந்த ஓடையிலிருந்து உங்கள் திரைக்கான காட்சியைத் தயாரிப்பது மூன்றாவது. தமிழ்மணம் காலத்து ஆள் யாராவது இதைப் பார்த்தால், வலைப்பதிவும் திரட்டியும் வேறு உடையில் வந்திருப்பதாகச் சட்டென்று சொல்லிவிடுவார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடையாளம் பற்றிய ஏற்பாடு. உங்கள் கணக்குக்கு எந்த சர்வரையும் சாராத நிலையான அடையாள எண் ஒன்று உண்டு. சேமிப்பகத்தை மாற்றினாலும் அந்த எண் மாறாது. பதிவுகளும் பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். சொந்த இணைய முகவரி வைத்திருப்பவர்கள் அதையே பயனர் பெயராகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு செய்தித்தாளின் கணக்கு உண்மையானதுதானா என்பதற்கு நீலக்குறி வாங்க வேண்டியதில்லை, அதன் இணைய முகவரியே சாட்சி. மாஸ்டடானில் சர்வர் மாறினால் பின்தொடர்பவர்கள் உங்களோடு வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் வராது.

வரிசைப்படுத்தும் வேலையும் ப்ளூஸ்கையில் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் ஓர் ஓடையை வடிவமைக்கலாம், யார் வேண்டுமானாலும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தப் பதிவு எரிச்சலூட்டும், இந்தக் கணக்கு மோசடி என்று முத்திரை குத்தும் சேவைகளையும் வெளியார் நடத்தலாம்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் காகிதத்தில் பரவலாக்கப்பட்ட ப்ளூஸ்கை, நடைமுறையில் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கணினிகளில்தான் ஓடுகிறது. பயனர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அந்த நிறுவனத்தின் சேமிப்பகங்களிலேயே இருக்கிறார்கள். ஆக்டிவிட்டிபப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டீன் லெம்மர்-வெபர் 2024இல் இதை விரிவாகவே விமர்சித்தார். ப்ளூஸ்கைக் குழுவும் இதை மறைப்பதில்லை. நம் நிறுவனமே நாளை நமக்கு எதிரியாகலாம் என்று வைத்துக்கொண்டுதான் வடிவமைக்கிறோம் என்பது அவர்கள் வெளிப்படையாகச் சொல்லும் கொள்கை. முதலீட்டாளர் பணம் கோடிக்கணக்கில் வாங்கியிருக்கும் நிறுவனம் இதைச் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது என்பது உங்கள் விருப்பம். நான் பாதி நம்புகிறேன். அந்த நேர்மை அழகுதான். வெளியார் யாராவது மொத்த அமைப்பையும் தனியாக ஓட்டிக் காட்டும்வரை பாதிக்கு மேல் நம்ப மாட்டேன். கறுப்பினப் பயனர்களுக்காகத் தொடங்கப்பட்ட பிளாக்ஸ்கை, சொந்தச் சேமிப்பகமும் சொந்த ரிலேயும் அமைத்து அந்த வேலையில் இறங்கியிருக்கிறது.

மூன்றாவதாக நாஸ்டர் என்று ஒன்று உண்டு. அதில் கணக்கே கிடையாது, ஒரு சாவிச் சோடிதான். பொதுச் சாவி உங்கள் பெயர், ரகசியச் சாவி உங்கள் கையெழுத்து. யாராலும் உங்களை முடக்க முடியாது. ரகசியச் சாவியைத் தொலைத்தால் யாராலும் மீட்டுத் தரவும் முடியாது. கடவுச்சொல்லை மாதத்துக்கு ஒருமுறை மறப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கூட்டம் வந்தபோது

ஈலான் மஸ்க் 2022 அக்டோபர் 27 அன்று 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். மாஸ்டடானைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. சுமார் 3 லட்சமாக இருந்த மாதாந்தரப் பயனர் எண்ணிக்கை நவம்பர் முடிவதற்குள் 25 லட்சமாக ஏறியதாக ரோச்கோ தெரிவித்தார். பொழுதுபோக்காக சர்வர் நடத்திக்கொண்டிருந்த பலர் தூக்கமில்லாமல் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். டிசம்பரில் ட்விட்டர் மாஸ்டடானின் கணக்கை முடக்கியது, தொடர்ந்து மாஸ்டடான் இணைப்புகளைப் பகிரவே தடை போட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் அந்தத் தடையைப் பின்வாங்கியது. பயந்தவர்கள்தான் இப்படித் தடை போடுவார்கள் என்று அப்போது பலர் மகிழ்ந்தார்கள்.

வந்தவர்களில் கணிசமானோர் அடுத்த ஆண்டில் காணாமல் போனார்கள்.

ஏன்? மாஸ்டடானில் சேர விரும்புபவருக்கு வரும் முதல் கேள்வியே "எந்த சர்வர்?" என்பது. அந்த இடத்திலேயே பலர் சன்னலை மூடிவிடுவார்கள். உள்ளே வந்தவருக்குத் திரை காலியாக இருக்கும், ஏனென்றால் யாரைக் காட்டுவது என்று முடிவு செய்ய அல்காரிதம் இல்லை. தேடல் வசதி நீண்ட காலம் வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டிருந்தது. ஒருவரின் பதிவை மேற்கோள் காட்டி எழுதும் வசதி 2025இல்தான் வந்தது. அது கும்பலாகச் சேர்ந்து தாக்க உதவும் என்று அதுவரை தவிர்த்தார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் நியாயமான காரணம் உண்டு. எல்லாம் சேர்ந்தபோது, புதிதாக வந்தவருக்கு அது ஆளில்லாத மண்டபமாகத் தெரிந்தது.

இதோடு 2023 ஜூலையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, ட்விட்டர் பாணித் தளமான த்ரெட்ஸைத் தொடங்கிய ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். அது ட்விட்டரைவிடச் சிறந்தது என்பதால் யாரும் சேரவில்லை. இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே இருந்த உறவு வலையை ஒரே பொத்தானில் கொண்டுவந்துவிட்டார்கள். மாஸ்டடானுக்கு அந்தப் பொத்தான் கிடைக்காது. ஒரு வலைப்பின்னலின் மதிப்பு அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் நூறு பேரும் ஒரே நாளில் கிளம்பினால்தான் மாற்றம் நடக்கும். அப்படி யாரும் கிளம்புவதில்லை. பத்துப் பேர் முதலில் போகிறார்கள், மற்ற தொண்ணூறு பேர் வரவில்லை என்று பார்த்துவிட்டு எட்டுப் பேர் திரும்பி வருகிறார்கள். 2019இல் இந்தியர்கள் மாஸ்டடானுக்குப் போய்த் திரும்பியதும் இப்படித்தான்.

எல்லோரும் சேர்ந்து கிளம்பிய தருணம் ஒன்றும் உண்டு. பிரேசில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 ஆகஸ்ட் கடைசியில் அந்த நாட்டில் எக்ஸ் முடக்கப்பட்டது. சில நாட்களுக்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ப்ளூஸ்கைக்கு வந்தார்கள். அங்கே யாருக்கும் "மற்றவர்கள் வருவார்களா?" என்ற சந்தேகம் இல்லை, பழைய இடமே பூட்டிக் கிடந்தது. அக்டோபரில் எக்ஸ் திரும்பி வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு வந்த இன்னோர் அலையில் ப்ளூஸ்கையின் மொத்தக் கணக்குகள் 2 கோடியைத் தாண்டின. பெரிய எண்தான். ஆனால் ஃபேஸ்புக்கை மாதந்தோறும் பயன்படுத்துபவர்கள் 300 கோடிக்கும் மேல்.

சின்ன ராஜாக்கள்

பரவலாக்கத்தை விரும்புகிறவர்கள் மென்று விழுங்கும் பகுதி இது. ஒரு பெரிய அதிகாரத்தை உடைத்தால் அதிகாரம் மறைந்துவிடாது, நிறையச் சின்ன அதிகாரங்கள் வரும். மாஸ்டடானில் உங்கள் சர்வர் நிர்வாகிதான் உங்களுக்கு எல்லாமே. அவர் நல்லவராக இருக்கலாம், களைத்துப் போகவும் செய்யலாம். பன்னிரண்டாயிரம் பேர் வரை இருந்த மாஸ்டடான்.லால் என்ற சர்வரின் நிர்வாகி, ஓயாத சச்சரவுகளால் வெறுத்துப்போய் 2023இல் அதை மூடினார். முன்கூட்டியே சொல்லிவிட்டு மூடியதால் பலர் வேறு சர்வருக்கு மாற முடிந்தது. குவியர்.ஏஎஃப் என்ற சர்வருக்கு அந்த அவகாசமும் இல்லை. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் இணைய முகவரிக் குறியீடு. 2024 பிப்ரவரியில் தாலிபன் அரசின் அமைச்சகம் அந்த முகவரியையே பறித்துக்கொண்டது. தன்பாலீர்ப்பாளர்கள், மாற்றுப்பாலினத்தவர் உள்ளிட்டோருக்கான ஒரு சர்வரின் பெயர்ப்பலகை தாலிபன் வசம் இருந்திருக்கிறது, இதை எந்த நாவலாசிரியர் எழுதினாலும் நம்பியிருக்க மாட்டோம்.

வேண்டாதவர்களும் இதே மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். தீவிர வலதுசாரிகளின் சமூக வலைத்தளமான கேப் 2019இல் மாஸ்டடான் நிரலுக்கு மாறியபோது, அதைத் தடுக்க எந்தத் தலைமையகமும் இல்லை. மற்ற சர்வர்கள் தாங்களாகவே ஒவ்வொன்றாக அதனோடு தொடர்பைத் துண்டித்தன. கேப் தனித்தீவாகிப் போனது. இது பரவலாக்கம் சரியாக வேலை செய்ததற்கு உதாரணம். சரியாக வேலை செய்யாததற்கும் ஒன்று சொல்கிறேன்: ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் பெரிய சர்வர்கள் சிலவற்றின் பொதுப் பதிவுகளை இரண்டு நாட்கள் அலசினார்கள். சுமார் 3,25,000 பதிவுகளில், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள் என்று ஏற்கெனவே அறியப்பட்டவை 112 முறை அகப்பட்டன. பெரிய நிறுவனங்களிடம் இதற்கான தானியங்கிக் கருவிகளும் சம்பளம் வாங்கும் ஆட்களும் உண்டு. மாலை வேளையில் சர்வர் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலரிடம் என்ன இருக்கிறது?

சட்டமும் அவரைத்தான் தேடி வரும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்களுக்குக் கடுமையான கூடுதல் கடமைகளை விதிக்கின்றன. ஒரு தமிழ் மாஸ்டடான் சர்வர் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. ஆனால் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் பெயரை வெளியிட வேண்டும் என்பது போன்ற அடிப்படைக் கடமைகள் சிறிய தளங்களுக்கும் உண்டு. பொழுதுபோக்காக ஆரம்பிக்க நினைப்பவரை யோசிக்க வைக்க இது போதும்.

அரசு முடக்கினால்?

இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியது. 2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்கள் சூடுபிடித்தபோது மீண்டும் முடக்கியது. ஒரு சில நிறுவனங்களின் பெயர்களை இணைய சேவையாளர்களிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆயிரம் சர்வர்கள் என்றால் அவ்வளவு எளிதல்ல. ஆனால் முடியாததும் அல்ல: இந்திய அரசு 2023இல் ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டித் தடுத்த 14 செயலிகளில், மேட்ரிக்ஸ் என்ற பரவலாக்கப்பட்ட நெறிமுறையில் இயங்கும் எலிமெண்ட் என்ற அரட்டைச் செயலியும் ஒன்று.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. வயதைச் சரிபார்க்கச் சொல்லும் சட்டம் அங்கே அமலுக்கு வந்ததும், அதற்கு ஈடுகொடுக்க முடியாது என்று 2025 ஆகஸ்டில் ப்ளூஸ்கை நிறுவனம் அந்த மாநிலத்துக்கு மட்டும் தன் செயலியை நிறுத்தியது. அதே ஏடி புரோட்டோகாலில் இயங்கும் வேறு செயலிகளுக்கு அந்த நிறுத்தம் பொருந்தவில்லை. செயலி வேறு, வலைப்பின்னல் வேறு என்பதை நூறு விளக்கக் கட்டுரைகளைவிட இந்த ஒரு சம்பவம் தெளிவாகக் காட்டிவிட்டது.

அப்படியானால் மாற்றிவிடுமா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவை இவை அசைக்கப் போவதில்லை. அங்கே பயன்படுத்துவது மென்பொருளை அல்ல, உறவுகளை. காணொளியிலும் கஷ்டம்தான். எழுத்துக்கு ஆகும் செலவு சொற்பம். காணொளியைச் சேமித்து, உலகம் முழுக்கத் தடையில்லாமல் அனுப்பப் பணம் வேண்டும். யூடியூபில் சமையல் செய்து காட்டிக் குடும்பம் நடத்துகிறவரிடம் பியர்டியூபுக்கு வாருங்கள் என்றால், வருமானம் என்ன என்று கேட்பார். பதில் இல்லை.

ஆனால் பொதுவெளிப் பேச்சு, அதாவது ட்விட்டர் செய்துவந்த வேலை, அங்கே இடம் இருக்கிறது. அதிலும் பொது நிறுவனங்கள் முதலில் போக வேண்டும் என்பது என் கட்சி. ஜெர்மன் கூட்டரசு அலுவலகங்களுக்குத் தனி மாஸ்டடான் சர்வர் இருக்கிறது, நெதர்லாந்து அரசு நடத்துகிறது, பிபிசி 2023இல் ஒன்றைத் தொடங்கிப் பரிசோதித்தது. வெள்ள எச்சரிக்கையைப் படிக்க ஒரு குடிமகன் ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பது யோசித்துப் பார்த்தால் விநோதமான ஏற்பாடு.

பெரிய தளங்கள் கவிழாமலே இந்த யோசனை வெல்லவும் கூடும். இந்தியாவில் 2011 ஜனவரியில் நாடு முழுக்கக் கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தது. எந்தப் பெரிய நிறுவனமும் அதனால் மட்டும் காணாமல் போகவில்லை. ஆனால் "போய்விடுவேன்" என்று வாடிக்கையாளர் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு வந்தது. த்ரெட்ஸ் 2024இல் ஆக்டிவிட்டிபப் வழியாகப் பதிவுகளை வெளியே அனுப்ப அனுமதிக்கத் தொடங்கியதை அந்தத் திசையில் ஒரு சிறு அடியாகப் பார்க்கலாம். பெரிய மீன் குளத்துக்குள் வருகிறது என்று பயந்து முன்கூட்டியே கதவடைத்த மாஸ்டடான் சர்வர்களும் நிறைய. அவர்கள் பயத்துக்கு வரலாறு உண்டு: கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் ஒரு காலத்தில் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில் மற்ற சேவைகளோடு பேசியது. 2013இல் ஹேங்அவுட்ஸைக் கொண்டுவந்தபோது கூகுள் அதிலிருந்து நழுவத் தொடங்கியது.

தொடங்கிப் பார்க்க விரும்பினால், ப்ளூஸ்கையில் கணக்கு திறக்க ஐந்து நிமிடம் போதும். மாஸ்டடான் என்றால் சர்வர் தேர்வில் குழம்பாமல், அதன் விதிகள் பக்கத்தைப் படியுங்கள், யார் நடத்துகிறார்கள், செலவுக்கு என்ன வழி என்று பாருங்கள். பெரியதாக ஒன்றில் சேர்ந்து, பிடித்த சிறியது கிடைத்ததும் மாறிக்கொள்ளலாம். போன முதல் வாரத்திலேயே ஐம்பது பேரையாவது தேடிப் பின்தொடருங்கள், இல்லாவிட்டால் காலித் திரையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவீர்கள்.

வேர்ட்பிரஸில் பழைய தமிழ் வலைப்பதிவு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஆக்டிவிட்டிபப் செருகியை (plugin) செயல்படுத்தினால் அந்த வலைப்பதிவே ஃபெடிவர்ஸில் ஒரு கணக்காகிவிடும். மாஸ்டடானில் இருப்பவர்கள் அதைப் பின்தொடரலாம், அவர்கள் எழுதும் பதில் உங்கள் இடுகைக்குக் கீழே பின்னூட்டமாக வந்து விழும்.